பொதுத்தொட்டியில் ஒரு சண்டை மீன்



மைசூர் நகரில் நம்மவர் சிலர் ஞாயிறுதோறும் ஓர் இல்லத்தில் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதிச் சிறார்க்கு அறநெறி புகட்டி வருகின்றனர். அவ்வில்லத்தின் கூடத்தில் 60 லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. கப்பியும் நியான் டெட்ராவுமாகச் சிறு மீன்கள் பல அதில் வாழ்ந்து வந்தன. வகுப்பு முடிந்ததும் சிறார் அதனைச் சூழ்ந்து நின்று மகிழ்வது வழக்கம்.

ஒரு நாள் அச்சிறார் மீன் விற்கும் கடையொன்றில், கைப்பிடியளவுப் புட்டியில் தனித்து நின்ற நீலநிற மீன் ஒன்றைக் கண்டனர். கடைக்காரர் அதனைப் 'பைட்டர்' என்றார். திரும்பவும் இடமின்றி அது நின்ற நிலை அவர்கள் நெஞ்சை உருக்கியது. தம் உண்டியற் காசைக் கூட்டி அதனை வாங்கி வந்து, இனி அது தனியாக இருக்க வேண்டாம் என்னும் மகிழ்ச்சியோடு பொதுத்தொட்டியில் விட்டனர். மூன்றாம் நாட் காலையில் கப்பி மீன் ஒன்று வால் கிழிந்து இறந்து மிதந்தது. மற்றொன்று செடியின் அடியில் ஒடுங்கிக் கிடந்தது. காசு சேர்த்தவருள் மூத்தவளாகிய சிறுமி அழுத கண்ணோடு பெரியோரை நோக்கி, "ஐயா, இந்தப் பாவம் மீனுக்கா, எனக்கா?" என்று வினவினாள்.

பெரியோர் உடனே விடை கூறவில்லை. அடுத்து என்ன செய்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே மூன்று கருத்துகள் எழுந்தன. "பிறவிக் குணம் மாறாது. அதனைப் பழைய புட்டியிலேயே அடைத்துவிடுங்கள்" என்றார் ஒருவர். "குக்கரஹள்ளி ஏரியில் விட்டுவிடுவோம், உயிர்விடுதலை செய்த புண்ணியமும் கிட்டும்" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த முதியவர். அவர் சிறிது நேரம் தொட்டியையே நோக்கியிருந்து, "ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் மக்கள் நாம். ஒன்றை ஒதுக்கி வைக்க நம் கை எழலாமா?" என்றார்.

இச்சொல் கேட்டோர் அனைவர் நெஞ்சிலும் தைத்தது. சிறுமியின் வினாவும் முதியவரின் வினாவும் ஒருங்கே ஆராயத்தக்கன. ஆகவே இக்கட்டுரை.

மீனின் வரலாறு

ஓர் உயிரைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அதனை அறிதல் வேண்டும். இம்மீன் இன்று தாய்லாந்து எனப்படும் சயாம் நாட்டின் நடுப்பகுதிக்கு உரியது. நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரில் வாழ்வது. அத்தகைய நீரில் உயிர்வளி குறைவு. அதனால் செவுள்களோடு, நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடுதற்குரிய தனி உறுப்பொன்றும் இதற்கு அமைந்துள்ளது. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டையும் இவ்வுறுப்பை உடையதே. இம்மீனுக்கு நெருங்கிய உறவான சிறு மீன் ஒன்று புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றில் வாழ்கின்றது. பிரெஞ்சு அறிஞர் கூவியே 1831-இல் அதற்கு இட்ட பெயரில் அவ்வூரின் பெயர் இன்றளவும் ஒலிக்கிறது.

காட்டில் வாழும் சண்டை மீன் மங்கிய நிறமும் குறுகிய துடுப்பும் உடையது. கடையில் நாம் காணும் நீலமும் சிவப்பும், புடவைத் தலைப்பைப் போல் விரியும் துடுப்பும் மனிதர் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதால் வந்தவை. சினமும் ஓரளவு அவ்வாறே வந்தது. காட்டு மீனும் தன் எல்லையைக் காக்கப் போரிடும். ஆயினும் தோற்றது விலகி ஓட வயல் முழுதும் இடமுண்டு. சயாம் நாட்டார் பந்தயத்துக்காக, விடாது பொருபவற்றையே பொறுக்கியெடுத்து வளர்த்தனர். குறைந்தது 1000 ஆண்டுகளுக்கு முன்னரே இது மனிதர் கையில் பழக்கப்பட்ட உயிராகிவிட்டது என 2022-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று கூறுகின்றது. 1840-இல் சயாம் மன்னர் தம் சண்டை மீன்கள் சிலவற்றைக் கொடுக்க, அவை கேண்டர் என்னும் டேனிய மருத்துவரின் கைக்கு வந்தன. அதன் வழியே மேலை நாட்டார் இதனை அறிந்தனர். இன்று வழங்கும் அறிவியற் பெயரை ரீகன் என்பார் 1910-இல் இட்டார். 2019-இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது.

தேரவாதம் தழைத்த நாட்டிலேயே இப்பந்தயம் வளர்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஒரு நாடு புத்தர் பெயரைச் சொல்வதால் அந்நாட்டார் செய்வதெல்லாம் தம்மம் ஆகிவிடாது. தீகநிகாயத்துப் பிரமஜால சூத்திரத்தில், சமணராயினார் காணாது விலக்கும் கேளிக்கைகளுள் யானைப் போர், எருமைப் போர், ஆட்டுப் போர், கோழிப் போர், காடைப் போர் முதலியன ஒவ்வொன்றாக எண்ணப்பட்டுள்ளன. மீன் போர் அப்பட்டியலில் இல்லை என்று வாதிடுவோன் சொல்லைப் பிடித்துப் பொருளை விட்டவன் ஆவான். சூதாட்டமோ, செல்வம் அழியும் வழிகளுள் ஒன்றாகச் சிகாலோவாத சூத்திரத்தில் இல்லறத்தார்க்கே எடுத்துரைக்கப்பட்டது. நம் நாட்டிலும் கேளிக்கைக்காக உயிர்களை மோதவிடுவதை 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது.

இம்மீனின் மற்றொரு குணத்தையும் சொல்லாது விடுதல் நீதியன்று. ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக்குமிழிகளைக் கோத்துக் கூடு கட்டும். பெண் இட்ட முட்டைகளை வாயில் ஏந்திக் கூட்டில் சேர்க்கும். கீழே நழுவுவனவற்றை மீண்டும் மீண்டும் எடுத்து வைக்கும். குஞ்சுகள் பொரித்து நீந்தக் கற்கும் நாள் வரை கூட்டை விட்டு அகலாது காக்கும். அக்காலத்தில் இரையைத் தேடுதலையும் பெரிதும் மறந்துவிடும். கப்பியின் வாலைக் கிழித்ததும் அவ்வாய்தான். முட்டையை உடையாது ஏந்துவதும் அவ்வாய்தான். 'பைட்டர்' என்று ஒரே பெயரிட்டு ஓர் உயிரை முடித்துவிடுவது எவ்வளவு பெரிய பிழை! ஒரே பெயரால் முடிக்கப்பட்ட துன்பத்தை நாம் அறிவோம்.

வினை யாருடையது?

இனிச் சிறுமியின் வினாவுக்கு வருவோம்.

வினை என்று தாம் சொல்வது எண்ணத்தையே என்பது பகவரின் கொள்கை. சண்டை மீன் கப்பியின் நீண்ட வண்ண வாலைக் கண்டபோது, தன் எல்லைக்குள் தன் போன்ற பகைவன் புகுந்தான் என்றே கொண்டது. கண்ணாடி ஒன்றைத் தொட்டியின் அருகே பிடித்தால், தன் உருவத்தையே பகைவனென்று எண்ணிச் செவுளை விரித்துப் பொரும் உயிர் அது. நன்று இது, தீது இது என ஆய்ந்து தேர்ந்து கொள்ளும் அறிவை நாம் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. ஆகலின் பழியை அதன்மேல் ஏற்றிவிட்டு நாம் நீங்கிக்கொள்ள இயலாது.

அங்ஙனமாயின் சிறுமி கொலை செய்தவளோ? பாணாதிபாதம் என்னும் கொலைக்கு உரையாசிரியர் ஐந்து உறுப்புகள் கூறுவர். உயிர் ஒன்று இருத்தல், உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் உயிர் போதல் என்பன அவை. சிறுமியிடம் கொல்லும் எண்ணம் இல்லை, இரக்கமே இருந்தது. எனவே முதற் சீலம் அவளால் முறியவில்லை. இதனை அவளுக்குத் தெளிவாகச் சொல்லுதல் பெரியோர் கடன். குற்றமில்லாத நெஞ்சில் குற்றவுணர்வை ஏற்றி வைப்பது அறமன்று.

ஆனால் இவ்விடையோடு நின்றுவிட்டால், நாம் சீலத்தை வழக்குமன்றத்துச் சட்டமாக்கிவிட்டோம் என்பதே பொருள். முதல் நாள் அவள் அறியாள். வளர்ந்தவராகிய நாம்? தொட்டி நம்முடையது. 'பைட்டர்' என்னும் பெயரே எச்சரிக்கையாக இருந்தது. ஒரு வினா கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். கேளாமை தீய எண்ணமன்று. ஆயினும் அது பமாதம், அதாவது விழிப்பின்மை. விழிப்பின்மையைச் சாவுக்குரிய வழி என்றே பகவர் கண்டார். கப்பி இறந்த பின்னும் அச்சண்டை மீனை அங்கேயே விட்டிருந்தால், இரண்டாம் சாவு அறியாமையால் விளைந்தது என்று நாம் சொல்ல முடியாது. அறிவு வந்த கணத்திலேயே பொறுப்பும் வந்துவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர், அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், அகிம்சையைப் பகவர் விதியாக வகுக்காமல் கொள்கையாக வகுத்தார் என்று விளக்குகிறார். விதி நம்மை 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டுக்குள் நிறுத்திவிடும். கொள்கையோ ஒவ்வொரு நிலையிலும் நம்மை எண்ண வைக்கும். விதியின்படி நாம் குற்றமற்றவர். கொள்கையின்படி நமக்கு இன்னும் செய்ய வேண்டியது உண்டு.

உதானம் என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பகவர் சாவத்தி நகருக்குப் பிச்சைக்குச் செல்லும் வழியில், சிறுவர் சிலர் மீன்களைத் துன்புறுத்தி விளையாடுவதைக் கண்டார். அவர்களை அணுகி, துன்பம் உங்களுக்கு அச்சம் தருகிறதா, வெறுப்பைத் தருகிறதா என்று வினவினார். ஆம் என்றனர் சிறுவர். அவ்விடையையே அடிப்படையாகக் கொண்டு அவர்களுக்கு அறம் உரைத்தார். அவர் சிறுவரைச் சினக்கவில்லை என்பதையும், அவர்களைக் கேளாது விட்டுச் செல்லவுமில்லை என்பதையும் நாம் நோக்க வேண்டும். நம் சிறுமி கேட்கப்படுமுன்னே தானே அவ்வினாவுக்கு வந்துவிட்டாள். அது அவள் பெற்ற பேறு.

மூன்று கருத்துகள்

புட்டியில் மீண்டும் அடைத்தல் முதலாவது கருத்து. காற்றை விழுங்கி வாழ வல்லது ஆகையால் இம்மீன் புட்டியிலும் பல நாள் உயிரோடிருக்கும். அதனைக் கண்டே வணிகர், இதற்கு அவ்வளவு இடமே போதும் என்றனர். சாகாதிருத்தலை வாழ்தல் எனக் கொண்டதால் வந்த பிழை இது. சிறிய நீரில் அதன் கழிவே நஞ்சாகித் திரளும், துடுப்பு அழுகும், நோய் பற்றும். ஒருவன் எவ்வளவு இழிந்த நிலையிலும் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்பதால், அந்நிலை அவனுக்கு ஏற்றது என்று சொல்லும் வாதம் நமக்குப் புதிதன்று. அவ்வாதத்தை நம் முன்னோர் மேல் ஏற்றியவர்களை நாம் மறுத்தோம். மீன் மேல் நாமே ஏற்றலாமோ?

ஏரியில் விடுதல் இரண்டாவது. உயிர்விடுதலை பௌத்த நாடுகள் பலவற்றில் போற்றப்படும் செயல். மைசூர் மாவட்டத்துப் பைலகுப்பையில் 1961 முதல் குடியிருந்து வரும் திபெத்தியரின் மரபிலும் அது உண்டு. கசாப்புக்குச் செல்லும் உயிரை மீட்டு, அது வாழத்தக்க இடத்தில் வாழவிடுதல் மெய்யான கருணையே. ஆனால் எந்த உயிரை, எந்த நீரில் விடுகிறோம் என்று பாராது செய்வது கருணையாகாது. சண்டை மீனின் நீண்ட துடுப்பு விரைந்து நீந்த உதவாது. கண்ணைப் பறிக்கும் நிறமோ கொக்குக்கும் விராலுக்கும் அழைப்பாகும். மார்கழி, தை மாதத்து இரவுக் குளிரும் அதற்கு ஒவ்வாது. ஒருகால் அது பிழைத்துப் பெருகினால், அந்நீருக்கே உரிய சிற்றுயிர்களுக்கு இடையூறு விளையும். தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கப்பட்ட தென்னமெரிக்கச் சக்கர் மீன்கள், பெரிதானதும் இரக்கத்தோடு நீர்நிலைகளில் விடப்பட்டன. அவை இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் பெருகி மீனவர் வலைகளைக் கெடுப்பதை நாம் காண்கிறோம். விடுகிறவன் நெஞ்சு இலேசாகிறது. சுமை ஏரியின் மேல் ஏறுகிறது. தன் மன அமைதிக்காகச் செய்யும் விடுதலை அவ்வுயிர்க்குரிய விடுதலையன்று.

மூன்றாவது, ஒதுக்கலாகாது என்ற முதியவரின் கருத்து. இதுவே மிக ஆழமானது. இதனைத் தனியே ஆராய்வோம்.

பிறப்பும் வேற்றுமையும்

அம்முதியவரின் தந்தையும் பாட்டனும் தங்கவயற் சுரங்கத்தில் உழைத்தவர்கள். அயோத்திதாச பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பின், அதன் கிளை மாரிகுப்பத்தில் வேரூன்றியது. 1907 முதல் பண்டிதர் நடத்திய தமிழன் இதழை அங்கே தொழிலாளர் கூடிப் படித்தனர். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுக் குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சிதறிய பின்னும், அவ்விதழ்கள் ஊட்டிய தன்மானம் சிதறவில்லை. தனித் தெரு, தனிக் கிணறு, தனிக் குவளை என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 'தனித்தொட்டி' என்றவுடன் அவர் நெஞ்சு துணுக்குற்றது இயல்பே.

இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுவது சுத்தநிபாதத்தில் உள்ள வாசெட்ட சூத்திரம். பிறப்பால் பிராமணனா, செயலால் பிராமணனா என்று இரு இளைஞர் வாதிட்டுப் பகவரை அணுகினர். பகவர் புல்லையும் மரத்தையும் எடுத்துக்காட்டினார். புழு பூச்சிகளை எடுத்துக்காட்டினார். நாற்கால் விலங்கு, பாம்பு, நீரில் வாழும் மீன், வானில் பறக்கும் பறவை ஆகியவற்றையும் எடுத்துக்காட்டினார். இவற்றுக்கெல்லாம் பிறப்பால் அமைந்த வேற்றுமைக் குறிகள் உண்டு; மனிதரிடையே, தலைமுடி முதல் கால்நகம் வரை நோக்கினும், அத்தகைய குறி ஒன்றும் இல்லை. மனிதரிடையே வேற்றுமை என்பது வழக்கிற் சொல்லும் பெயர் மட்டுமே என்று நிறுவினார்.

அன்பர்காள்! பகவர் மீனை இங்கே பெயர் சொல்லி எடுத்தார் என்பதை நினைவில் வையுங்கள். மீன்களுக்குள் இனம் உண்டு. கப்பிக்கும் சண்டை மீனுக்கும் உள்ள வேற்றுமை, உடலிலும் உணவிலும் மூச்சிலும் அமைந்த மெய்யான வேற்றுமை. மனிதரிடையே சாதி என்பது புனைந்துரை. மெய்யான வேற்றுமையை இல்லையென்று பாராட்டாதிருப்பதும் பிழை. இல்லாத வேற்றுமையை உண்டென்று நிலைநாட்டுவதும் பிழை. முதற் பிழையால் ஒரு கப்பி மீன் இறந்தது. இரண்டாம் பிழையால் எத்தனை தலைமுறைகள் நைந்தன என்பதை எண்ணிக் கணக்கிட முடியாது. மீனைக் காட்டிச் சாதிக்கு நியாயம் தேடுவோர், பகவர் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அடைத்துவிட்ட வழியில் நுழைய முயல்கின்றனர்.

ஆயினும் இவ்வளவில் முதியவரின் வினா முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. பிரித்து வைத்தல் எப்போது ஒதுக்குதல் ஆகும்? இதற்கு மூன்று உரைகற்கள் கூறலாம். யாருடைய நன்மைக்காகப் பிரிக்கிறோம் என்பது ஒன்று. சேரியைப் பிரித்தது சேரியின் நன்மைக்கன்று, ஊரின் செருக்குக்காக. பிரிக்கப்பட்டதற்குக் கிடைக்கும் இடமும் நீரும் உணவும் குறைந்தனவா, நிறைந்தனவா என்பது இரண்டாவது. சேரிக்குக் கிடைத்தது பள்ள நிலம்; கிணறும் மறுக்கப்பட்டது. பிரிக்கப்பட்டது பேச வல்லதாயின் அது உடன்பட்டதா என்பது மூன்றாவது. மனிதன் பேசுவான், அவனைக் கேளாது பிரித்தல் கொடுமை. மீன் பேசாது; ஆகலின் அதன் உடலையும் நடத்தையையும் படித்து, அது விரும்பும் நிலையை நாமே உய்த்துணர வேண்டும். இம்மூன்றிலும் தேறினால் அது காப்பு. தவறினால் அது ஒதுக்கல். புட்டி மூன்றிலும் தவறுகிறது. தக்க அளவான தனித்தொட்டி மூன்றிலும் தேறுகிறது.

சிறு நீரில் பல மீன்

சண்டை மீன் எந்நாளும் பிற உயிரோடு வாழாதோ எனின், அவ்வாறும் அன்று. இதனை நுணுகி நோக்கினால் வியப்பான செய்தி ஒன்று புலப்படும். அது மிகக் கடுமையாகப் பொருவது தன் இனத்து ஆணோடுதான். அதற்கு அடுத்த நிலையில், தன்னைப்போல் நீண்ட துடுப்பும் ஒளிரும் நிறமும் உடைய கப்பி போன்றவற்றோடு பொரும். தொட்டியின் அடியில் மணலைக் கிளறித் திரியும் கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தியோடும் நத்தையோடும் பெரும்பாலும் பகை கொள்வதில்லை. டைகர் பார்ப் போன்று வாலைக் கடிக்கும் மீன்களோடு வைத்தாலோ துன்புறுவது சண்டை மீன்தான். ஒரே இனத்துள்ளும் ஒன்று சாதுவாகவும் மற்றொன்று கடுமையாகவும் இருக்கும். பெயரைக் கொண்டு முன்தீர்ப்புக் கூறாது, ஒவ்வொன்றையும் நோக்கி அறிய வேண்டியுள்ளது.

அத்ததண்ட சூத்திரத்தில் பகவர் தம் இளமைக் கலக்கத்தைக் கூறும்போது, வற்றிய நீரில் மீன்கள் துடிப்பதைப் போல மக்கள் ஒருவரையொருவர் எதிர்த்துத் துடிப்பதைக் கண்டு அச்சம் கொண்டதாக உரைக்கிறார். நீர் நிறைந்திருக்கையில் அம்மீன்கள் பகைவரல்லர். நீர் குறைந்தபோது பகைவராயினர். இது உண்டாதலால் அது உண்டாகிறது என்னும் சார்பிற்றோற்றத்தின் எளிய பாடம் இதுவே. குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சூழலின் விளைவு. நீரைக் கூட்டினால், மறைவிடம் அமைத்தால், இரையைப் பல இடங்களில் இட்டால், பகை குறைகிறது. முற்றிலும் மறைவதில்லை, குறைகிறது.

நம் சங்கங்களையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பகைவனோடு நாம் பொருவதைவிட, நம்மைப் போன்ற நம்மவரோடு பொருவது மிகுதி அன்றோ? ஒரு பதவி, ஒரு மேடை, ஒரு சிறு நிதி என்று நீர் மிகக் குறைவாக இருப்பதால், ஒருவர் வாலை ஒருவர் கிழிக்கிறோம். கண்ணாடியில் தன் உருவைக் கண்டு பொரும் மீனை எள்ளி நகையாடுமுன், நம் பகைவரில் எத்தனை பேர் நம் நிழல்கள் என்று எண்ணிப் பார்த்தல் தகும். ஒரே கலத்தில் எல்லோரையும் இட்டுவிட்டால் சங்கம் ஆகாது. அதில் யாரும் மூலையில் ஒடுங்கிக் கிடவாதபடி பார்த்துக்கொள்பவர் இருந்தால்தான் சங்கம்.

செயற்பாலன

வளர்ப்பதே தகுமா என்னும் வினா எஞ்சியுள்ளது. இல்லறத்தார் விலக்கத்தக்க ஐந்து வாணிகங்களுள் உயிர் வாணிகமும் ஒன்று என அங்குத்தரநிகாயம் கூறும். வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை. இரங்கி வாங்கிய ஒரு மீனின் இடத்தில் கடைக்காரர் மற்றொரு புட்டியை வைப்பார். சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வளர்த்துப் பிழைக்கும் எளிய குடும்பங்கள் பல உள்ளன. அவர்களை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் நாம் புதிதாக வாங்காதிருத்தலே தக்கது என்பது எம் துணிபு. உணவிலும் சிக்கல் உண்டு. ஓருயிரைக் கொண்டு மற்றோருயிரை ஊட்டலாகாது என்று அசோகர் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் விலக்கினார். உபோசத நாட்களில் மீன் பிடிப்பதையும் விற்பதையும் அதே சாசனத்தில் தடுத்தார். சண்டை மீனோ புழு பூச்சி உண்பது. கடையில் விற்கும் உலர் தீனியிலும் மீன்மாவு கலந்திருக்கும். முற்றிலும் தூய கையோடு இதனை வளர்க்க வழியில்லை என்பதை ஒளியாது ஒப்புக்கொள்வோம்.

ஆனால் கைக்கு வந்துவிட்ட உயிரைக் கைவிடுதல் அதனினும் பெருந்தீது. இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை வாழக்கூடிய உயிர் அது. அதுகாறும் அதனைக் காத்தல் நம் கடன். 20 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். நீர் 24 முதல் 28 பாகை வெப்பத்தில் இருத்தல் நலம். மைசூர்க் குளிர்காலத்தில் சூடேற்றும் கருவி தேவைப்படும். குழாய் நீரின் குளோரினை நீக்கியே ஊற்ற வேண்டும். மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத்தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; அதுவரை நீரை அடிக்கடி சிறிது சிறிதாக மாற்றுதல் இன்றியமையாதது. நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுக. ஒடுங்கி இளைப்பாறச் செடி வைக்க. விளையாட்டுக்காகக் கண்ணாடி காட்டிச் சினமூட்டற்க. இணை சேர்த்துக் குஞ்சு பெருக்கற்க.

மைசூர் விலங்கினக் காட்சிச்சாலை நிறுவப்பட்டது 1892-இல். அதே 1892-இல், மைசூர் நாட்டுத் தொல்பொருள் அறிஞர் ரைஸ் அவர்கள் சித்திரதுர்க்கப் பகுதியில் பிரம்மகிரி முதலிய இடங்களில் அசோகரின் பாறைச் சாசனங்களைக் கண்டெடுத்தார். பெற்றோரைப் பேணல், உயிர்களிடத்து இரக்கம், வாய்மை ஆகியவற்றை அப்பாறை வலியுறுத்துகிறது. கூண்டும் கல்லெழுத்தும் ஒரே ஆண்டில் இந்நாட்டில் தோற்றம் தந்தன. கூண்டு வைத்திருப்போன் அக்கல்லெழுத்தை நாளும் நினைக்கக் கடவன். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவார்கள். சிறையின் சுவரை இடித்தாள் என்று அக்காப்பியம் சொல்லவில்லை; அதனுள்ளே நடப்பதை மாற்றினாள்.

இவ்வாறெல்லாம் கலந்து பேசிய பின், அவ்வில்லத்தார் தனித்தொட்டி ஒன்றை வாங்கிப் பொதுத்தொட்டியின் அருகிலேயே, ஆயினும் ஒன்றையொன்று கண்டு சினவாதபடி இடையில் அட்டை ஒன்றை வைத்து அமைத்தனர். அட்டையை வைத்தவர் தங்கவயல் முதியவரே. "இது வேலியன்று, திரை" என்று அவர் சொன்னார். காயமுற்ற கப்பி பிழைத்துக்கொண்டது.

சிறுமிக்குச் சொல்லப்பட்ட விடை இது: "மகளே, பாவம் மீனுக்கு இல்லை, உனக்கும் இல்லை. ஆனால் இன்று முதல் அதன் நீர் உன் பொறுப்பு." அவள் வாரந்தோறும் ஞாயிறு வகுப்புக்கு அரைமணி முன்னதாக வந்து, தொட்டியின் நீரில் காற்பங்கை மாற்றிவிட்டுத்தான் பஞ்சசீலம் ஓத அமர்கிறாள்.